ஹைன்ரிஷ் கலியாணம் கட்டிப் போன வீடு

பெயர்: திருமதி பாலாம்பிகை கணேசலிங்கம். வயது: நாற்பத்தேழு. கணவரில் தங்கியிருப்பவர். இப்போதைய தொழில்: இல்லை. முன்னைய தொழில்: இல்லை. தகைமை: இல்லை. ஆங்கிலம் பேசுவாரா: இல்லை. மொழிபெயர்ப்பாளர் உதவி தேவை.

1986ஆம் ஆண்டு மேற்கு லண்டனில் ஏதோ ஓர் அலுவலகத்தில் இப்படி ஒரு படிவம் நிரப்பப்பட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை "இல்லை"களும் பாலாம்பிகை தம் வாயால் சொன்ன உண்மைகள். "எந்த நிறுவனமாவது உங்களை வேலைக்கு நியமித்ததா?" என்று கேட்டார்கள். யாரும் நியமித்ததில்லை, ஆகவே இல்லை. "சான்றிதழ் ஏதாவது?" அதுவும் இல்லை. "ஆங்கிலம் பேசுவீர்களா?" என்றதற்கு மட்டும், "எழுதுவேன்" என்றார். அந்தப் பதிலுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. அதிகாரி "இல்லை"யில் ஒரு கோடு போட்டார்.

படிவத்துக்குத் தெரியாத விஷயம் இது. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் நொத்தாரிஸ் சுப்பிரமணியன் என்றொருவர் இருந்தார். காணி வாங்குவதும் விற்பதும் சீதனம் கொடுப்பதும் அவர் எழுதும் உறுதிப் பத்திரம் இல்லாமல் நடக்காது. 1959இல் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கையெழுத்தை மட்டும் எப்படியோ போட்டுவிடுவார். மீதியை மூத்த மகள் எழுதினாள். இருபத்துநான்கு ஆண்டுகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட உறுதிகள். தமிழில் பெரும்பாலும், கொழும்பில் இருப்பவர்களுக்கு ஆங்கிலத்தில். சட்டத்தின் கண்ணில் அவையெல்லாம் தகப்பனார் எழுதியவை. சட்டத்தை மதிக்கும் மகள், ஆகவே, வாழ்நாளில் ஒரு வேலையும் செய்யாதவர்.

அவருடைய ஆங்கிலமும் அங்கேயே படித்தது. "மேற்சொல்லப்பட்ட பால்காரர் இன்றைய தினம் வருகை தரவில்லை" என்ற பாணியில் அடுத்த வீட்டாரிடம் பேசுவார். அடுத்த வீட்டார் முதலில் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

அவர்கள் குடியிருந்த ஹவுன்ஸ்லோ விமான நிலையத்தை ஒட்டியது. அந்தக் காலத்தில் அங்கே யாரும் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடித்ததில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் கூரையை உரசுவதுபோல் இறங்கும். பேசிக்கொண்டிருப்பவர் வாயைத் திறந்தபடி நிற்பார். அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். கோபம் வந்தாலும் அப்படித்தான். பாதிச் சண்டைகள் அந்த இடைவேளையில் ஆறிப்போயின. இப்போது நான் இருக்கும் இடம் அமைதியானது. பேச்சு முழுதாகக் கேட்கிறது. கேட்கத்தக்கதாக ஒன்றும் இல்லை.

பாலாம்பிகையின் அடுத்த வீட்டுக்காரி எடித் பிரிங்க்மன். எழுபது வயது, கலியாணம் செய்யாதவர், தொலைபேசி இணைப்பகத்தில் நாற்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1987 ஒக்டோபர்ப் புயலில் இரண்டு தோட்டங்களுக்கும் நடுவிலிருந்த வேலி விழுந்தது. மறுநாள் காலை பாலாம்பிகை ஒரு கயிற்றோடு வந்து அளந்தார். பழைய கம்பங்களின் குழிகளைத் தேடிப் பிடித்தார். கடைசியில், வேலி இதுவரை எடித்தின் பக்கம் ஒன்பது அங்குலம் தள்ளியே நின்றிருக்கிறது, அதைத் திருத்தி நட வேண்டும் என்றார். நிலம் தம் பக்கத்திலிருந்து போவதுபற்றி அவருக்குக் கவலையில்லை. எடித்துக்கு அந்த ஒன்பது அங்குலத்தில் ஆர்வமே இல்லை. ஆனால் தமக்கு எதிராகவே சாட்சி சொல்லும் மனுஷியை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. தேநீருக்குக் கூப்பிட்டார்.

அந்தத் தேநீரில்தான் விஷயம் வெளிவந்தது. எடித்தின் பாட்டனுக்குத் தகப்பன் ஹைன்ரிஷ், ஜெர்மனியிலிருந்து வந்து லண்டன் வைட்சப்பலில் சீனி காய்ச்சும் ஆலையில் வேலை பார்த்தவர். 1915இல், முதலாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, எடித்தின் தகப்பன் நடத்திய ரொட்டிக் கடைக்கு அயலவர்கள் கல்லெறிந்தார்கள். அன்று அவர் வீட்டிலிருந்த ஜெர்மன் எழுத்து அத்தனையையும் அடுப்பில் போட்டார். எந்த ஊர் என்பதைச் சாகும்வரை சொல்லவில்லை. எடித் பதின்மூன்று ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார். நிதானமாகத் தேடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் 1988 தையில் கண் வைத்தியர் ஒன்று சொன்னார்: பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது, இரண்டு ஆண்டு, மிஞ்சினால் மூன்று.

"ஊரின் பெயரை யாராவது எனக்கு வாசித்துக் காட்டலாம்தான்" என்றார் எடித். "ஆனால் எனக்கு அதைக் கேட்க வேண்டாம், பாலா. பார்க்க வேண்டும். நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று ஒரே ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பிறகு போகட்டும், சனியன்."

நான் அப்போது பக்கத்து நூலகத்தில் உதவியாளன். புதன்கிழமைகளில் அங்கே ஓர் அறையில் வம்சாவளி தேடுகிறவர்களின் வட்டம் கூடும். அறைச் சாவி என்னிடம். வட்டத்தின் சாவி லெனர்ட் ஆஸ்கியூவிடம். ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியர். கோடை காலத்திலும் கம்பளி வெயிஸ்ட்கோட் போடுகிறவர். எடித்தின் ஊரை அவர் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தார். ஹைன்ரிஷுக்கு லண்டனில் பிறந்த மூன்று பிள்ளைகளுக்கு வைட்சப்பல் பக்கத்து ஜெர்மன் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. எழுதிய ஒவ்வொரு கையும் தகப்பனின் ஊரை ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தது: எலம்பாக், ஆலன்பெக், ஹாலம்பெக், இப்படி. ஆஸ்கியூ அவற்றிலிருந்து சாத்தியமான நாற்பத்தொரு வடிவங்களை உண்டாக்கி, அட்டைகளில் எழுதி, அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் தேடி, கிடைத்த ஊர்களின் பாதிரிமாருக்குக் கடிதம் போட்டார். "இல்லை" என்று பதில் வந்தால் அட்டையில் சிவப்புக் கோடு. பதினொரு கோடு விழுந்திருந்தது.

பாலாம்பிகை பெட்டியை ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மிஸ்டர் ஆஸ்கியூ, மேற்சொல்லப்பட்ட ஹைன்ரிஷின் கிழக்கெல்லை யார்?"

"யாருடைய என்ன?"

யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணித் துண்டுக்கும் பெயர் உண்டு. அதே பெயரில் பக்கத்தில் இருபது துண்டும் இருக்கும். அதனால் உறுதி எழுதுகிறவர் பெயரை மரியாதைக்கு எழுதிவிட்டு, நாலு எல்லைகளுக்கு வருவார்: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே இன்னாருடைய வீட்டு வளவு, மேற்கே ஒழுங்கைப் பாதை, தெற்கே விதவை இன்னாளும் பிள்ளைகளும். காணி எது என்று சொல்வது அதுதான். இதைப் பாலாம்பிகை ஆங்கிலத்தில் விளக்க இருபது நிமிடமும் பத்து விமானமும் ஆயின.

"அதாவது" என்றார் ஆஸ்கியூ, "எடித்தின் ஆளை விட்டுவிட்டு ஊரார் எல்லோரையும் தேடச் சொல்கிறீர்கள்."

"ஊரார் எல்லோரையும் இல்லை. தொட்டுக்கொண்டிருந்தவர்களை மட்டும்."

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் இரண்டு பெண்களும் ரயிலேறிக் கிழக்கு லண்டனில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போனார்கள். கையில் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்த சான்ட்விச். எடித்துக்கு மைக்ரோபிலிம் திரையில் நடுப்பகுதி மங்கலாகத் தெரியும். அவர் ரீலைச் சுற்றுவார், பாலாம்பிகை வாசிப்பார். ஜெர்மன் தெரியாது, பழைய ஜெர்மன் எழுத்தின் வடிவங்களை ஆஸ்கியூ ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அது போதுமாயிருந்தது. பூச்சி அரித்த உறுதிகளையே வாசித்த கண்ணுக்கு ஒரு பாதிரியாரின் கிறுக்கல் பெரிய காரியமில்லை. ஞானஸ்நானத்துக்கு நின்றவர்கள் யார், அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தவர் யார், அதே சீனி ஆலையில் வேலை பார்த்தவர் யார், பிள்ளை செத்தபோது புதைகுழிக்கு வந்தவர் யார். அறுபது ரீலில் ஒன்பது பெயர்கள் தேறின. அந்த ஒன்பது பேரின் ஊர்களும் அதே பதிவேடுகளில் இருந்தன.

நான் அந்த வியாழக்கிழமைகளை இப்போதும் நினைப்பதுண்டு. மறுநாள் காலை நூலகம் திறக்கும்போதே இருவரும் வாசலில் நிற்பார்கள். எழுதி வந்ததைச் சொல்லாமல் அவர்களுக்குப் பொறுக்காது. ஒரு பெயரைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுதும் போய்விட்ட காலம் அது. அந்த நாளை வீண் என்று யாரும் நினைக்கவில்லை.

1989 மாசியில் ஒரு புதன்கிழமை, ஆஸ்கியூவின் மேசையில் பெரிய வரைபடத்தை விரித்து, பாலாம்பிகை ஒன்பது ஊர்களிலும் குண்டூசி குத்தினார். இரண்டு ஊசிகள் எங்கோ தள்ளி நின்றன. மற்ற ஏழும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. ஏழுக்கும் நடுவில் ஏலன்பெக் என்றொரு சிறிய ஊர்.

ஆஸ்கியூ பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதன் குறுக்கே சிவப்புக் கோடு.

"1979இல் எழுதினேன். ஹைன்ரிஷ் பிரிங்க்மன் என்று ஒருவருக்கும் அங்கே ஞானஸ்நானம் நடக்கவில்லை. பாதிரியாரே கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பியிருக்கிறார்."

எடித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வருஷம் போய்விட்டது. அவருக்கு இப்போது பஸ் நம்பர் தெரிவதில்லை.

பாலாம்பிகை மட்டும் கலங்கவில்லை. "சரி. அவர் ஏன் அங்கே பிறக்க வேண்டும்?"

"அதுதான் அவருடைய ஊர் என்று இப்போது நீங்கள்தானே சொன்னீர்கள்!"

"ஊர்தான். மாப்பிள்ளைக்குப் பெண்சாதியின் ஊர்தானே ஊர்?"

ஒரு விமானம் போனது. வழமையைவிட நீளமாகப் போனது போலிருந்தது.

"பாலா," என்றார் எடித் மெதுவாக, "கலியாணம் முடிந்தால் பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போவாள்."

"எதற்கு?"

"எதற்கென்றால்... அதுதான் வழக்கம்."

"அப்படியென்றால் அவளுடைய வீட்டில் யார் இருப்பது?"

பாலாம்பிகை என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"தம்பி, இவையள் உண்மையாத்தான் சொல்லினமோ? பொம்பிளைப் பிள்ளையை அவளின்ரை வீட்டிலையிருந்து கிளப்புறதோ?"

"ஓம் அக்கா. இங்கை அப்படித்தான். இந்தியாவிலையும் அப்படித்தான்."

"இந்தியாவிலை அப்படி எண்டு எனக்குத் தெரியும். வெள்ளைக்காரர் கொஞ்சம் யோசிச்சு நடக்கிற சனம் எண்டு நினைச்சிருந்தன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். பாலாம்பிகை எழுதிய நாலாயிரம் உறுதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டவை சீதன உறுதிகள். ஆயிரம் மாப்பிள்ளைமாரை வீடு மாற்றி வைத்தவருக்கு, உலகமெல்லாம் அப்படித்தான் என்று தோன்றியதில் என்ன ஆச்சரியம்? ஆனால் ஆஸ்கியூ சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு மறுபடி சிரித்தார்.

வீட்டிலும் அதே கதை. கணவர் கணேசலிங்கம் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. எந்த பஸ், எந்தப் பல்வைத்தியர், எந்தக் கடிதத்துக்கு எங்கே கையெழுத்து என்று எல்லாவற்றையும் மனைவியைக் கேட்டே நடப்பவர். அவரில்தான் மனைவி தங்கியிருப்பதாகப் படிவம் சொன்னது.

"சாவகச்சேரிச் சீதனத்தை ஜெர்மனிக்கும் கொண்டுபோட்டீர் போல" என்றார் அவர். "நூலகத்திலை எல்லாரும் சிரிக்கினமாம்."

"சிரிக்கட்டும். நீங்களும் என்ரை வீட்டுக்குத்தானே வந்தனீங்கள்?"

"அது நான் விரும்பி வந்தது."

"அப்ப அவரும் விரும்பித்தான் போயிருப்பார். பேசாமல் சாப்பிடுங்கோ."

பாலாம்பிகை ஏலன்பெக் பாதிரியாருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். ஹைன்ரிஷைத் தேட வேண்டாம். ஹைன்ரிஷ் வெளியூர்க்காரராக இருக்கலாம். 1840ஐ ஒட்டி வெளியூர் மாப்பிள்ளை ஒருவரைக் கட்டிய, தனக்கென்று வீடு உள்ள, அன்னா என்ற பெண்ணைத் தேடவும். ஹைன்ரிஷின் மனைவி பெயர் அன்னா என்பது ஞானஸ்நானப் பதிவுகளில் இருந்தது. ஆஸ்கியூ இதை ஜெர்மனில் எழுத முதலில் மறுத்தார்; பதினைந்து ஆண்டாகத் தம் பெயரில் கடிதம் போகிறது, மானம் என்று ஒன்று இருக்கிறது என்றார். எடித் அவரைப் பார்த்தார். முகத்தை நேரே பார்த்தால் எடித்துக்கு இப்போது தெரியாது. தலையைச் சற்றுச் சாய்த்துத்தான் பார்ப்பார். அந்தச் சாய்ந்த பார்வையை ஆஸ்கியூவால் தாங்க முடியவில்லை. எழுதினார். முன்னால் மன்னிப்புக் கோரும் பத்தி ஒன்றைத் தாமாகச் சேர்த்துக்கொண்டார்.

பதினொரு கிழமை பதில் இல்லை. அந்த நாள்களில் எடித் வாசலில் நிற்பார். தபால்காரரைத் தொப்பியை வைத்து அடையாளம் காண்பார். "இன்றைக்குத் தெரிகிறது" என்றோ "இன்றைக்குக் கொஞ்சம் குறைவு" என்றோ வேலிக்கு மேலாகச் சொல்வார். கடிதத்தைச் சொல்கிறாரா கண்ணைச் சொல்கிறாரா என்று பாலாம்பிகை கேட்டதில்லை.

வைகாசிக் கடைசியில் பதில் வந்தது. ஆஸ்கியூ நின்றுகொண்டே வாசிக்கத் தொடங்கினார்; பாதியில் கதிரையில் உட்கார்ந்தார்.

நீங்கள் கேட்டது மிகச் சரி, என்று எழுதியிருந்தார் பாதிரியார். எங்கள் பக்கத்தில் ஒரு பண்ணைக்கு உரிமையுள்ள பெண்ணைக் கட்டுகிறவர் அந்தப் பண்ணைக்கே குடிவருவார். பண்ணையின் பெயரையே தம் பெயராக எடுத்துக்கொள்வார். பிரிங்க்மன் என்பது எங்கள் ஊரில் ஒரு வீட்டின் பெயர். அந்த வீட்டுப் பெண் அன்னா, முதல் புருஷன் செத்தபிறகு, 1841இல் ஹைன்ரிஷ் டொல்லெ என்பவரைக் கட்டினார். அவர் ஒரு மணி நேர நடைத் தூரத்திலுள்ள ஊரில் பிறந்தவர். அவருடைய ஞானஸ்நானம் அங்கேதான் இருக்கும். முதல் புருஷனின் மகன் வயதுக்கு வந்ததும் பண்ணை அவனுக்குப் போனது. ஹைன்ரிஷும் அன்னாவும் சின்னப் பிள்ளைகளோடு லண்டனுக்குப் போனதாகப் பதிவேட்டின் ஓரத்தில் குறிப்பு உள்ளது. அவர்கள் கட்டிய களஞ்சியம் இன்றும் நிற்கிறது. கதவின் மேலே உத்தரத்தில் இருவரின் பெயரும் செதுக்கியிருக்கிறது.

இங்கிலாந்தைப் பற்றி பாலாம்பிகை நினைத்தது தவறு. ஜெர்மனியின் பெரும்பகுதியைப் பற்றி நினைத்ததும் தவறு. தேடிய அந்த ஒரு மூலைக்கு மட்டும் அது அச்சொட்டாகச் சரி. கல்விமான்கள் இதைத் தற்செயல் என்பார்கள். பாலாம்பிகை, "மற்ற இடத்து ஆக்களுக்குத்தான் அறிவில்லை" என்றார்.

எடித் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்துத் தடவினார். பிறகு சொன்னார்: "என் அப்பா ஒரு வீட்டின் பெயருக்காகக் கல்லெறி வாங்கியிருக்கிறார். ஒரு வீட்டின் பெயர்." அழுதாரா சிரித்தாரா என்று எங்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஆஸ்கியூ அட்டையை எடுத்து, சிவப்புக் கோட்டை என்ன செய்வது என்று தெரியாமல், பெட்டிக்குள் தலைகீழாக வைத்தார்.

உடனே புறப்பட்டிருக்கலாம். எடித் மாட்டேன் என்றார்: பாலாவும் வர வேண்டும். பாலாவிடம் இருந்தது பாஸ்போர்ட் அல்ல, அகதிகளுக்குக் கொடுக்கும் பயண ஆவணம். ஜெர்மனிக்கு விசா வேண்டும். விண்ணப்பத்தில் "பயண நோக்கம்" என்ற இடத்தில் அவர் உண்மையை எழுதினார்: அயலவரின் பூட்டனார் கலியாணம் கட்டிப் போன வீட்டைப் பார்வையிடல். அந்த ஆண்டுகளில் ஜெர்மனிக்குப் போக விரும்பிய ஓர் இலங்கைத் தமிழர் எழுதக்கூடிய காரணங்களில் இதைவிட நம்பமுடியாதது இருந்திருக்காது. கோடை போனது. குளிர் போனது. மேலும் விபரம் கேட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. 1990 பங்குனியில் கண் வைத்தியர், இலையுதிர் காலம்வரை பொறுக்காது என்றார்.

அன்று பின்னேரம் வேலியடியில் நடந்த பேச்சுக்கு நான் சாட்சி. திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகம் ஒன்றை வாங்கப் போயிருந்தேன்.

"நீங்கள் போக வேண்டும், மிஸ்."

"நீ கண்டுபிடித்த ஊர், பாலா. நீ இல்லாமல் போனால் அது திருட்டு."

"எனக்கு அந்தக் காணியில் உரித்து இல்லை. உறுதி எழுதினவள் காணியில் குடியிருக்க வருவதில்லை."

"நான் காத்திருக்கிறேன். விசா வரும்."

"விசா வரும். அப்போது நான் உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இதோ கதவு, இதோ உத்தரம் என்று சொல்லிக் காட்டுவேன். அதையா கேட்டீர்கள்? கேட்க வேண்டாம், பார்க்க வேண்டும் என்றீர்களே."

விமானம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இருவருக்கும் வசதியாக இருந்திருக்கும். எடித் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த புதன்கிழமை, ஆஸ்கியூவிடம் கப்பல் நேரம் விசாரித்தார்.

பாலாம்பிகை பாதிரியாருக்கு இன்னொரு கடிதம் போட்டார். இம்முறை ஒரே கேள்வி: களஞ்சியக் கதவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? தென்கிழக்கு என்று பதில் வந்தது. சுவருக்கு ஒட்டும் காகிதச் சுருள் ஒன்றை வெட்டி, அதன் பின்பக்கத்தில் தடித்த கறுப்பு மையால், இரண்டு விரல் உயர எழுத்தில் எழுதினார். காலை எட்டு மணிக்குப் போகவும். வெயில் பக்கவாட்டில் விழும். செதுக்கிய எழுத்தில் நிழல் நிற்கும். பத்துக்குப் பிறகு தெரியாது. கதவுக்கு நேரே நிற்க வேண்டாம். இடது கம்பத்துக்கு நாலு அடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்க்கவும். மிஸ்டர் ஆஸ்கியூ வாசிக்கத் தொடங்கினால் நிறுத்தச் சொல்லவும்.

வைகாசியில் எடித்தும் ஆஸ்கியூவும் போனார்கள். ஐந்தாம் நாள் திரும்பினார்கள். எடித் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே வேலியடிக்கு வந்தார்.

"ஆஸ்கியூ வாய் திறந்தார். நிறுத்தச் சொன்னேன்" என்றார். "எட்டேகால் மணி. முதலில் வெறும் மரம். பிறகு நீ சொன்ன மாதிரித் தலையைச் சாய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது, பாலா. அன்னாவின் பெயர்தான் முதலில் இருக்கிறது."

"வீடு அவவின்ரைதானே" என்றார் பாலாம்பிகை, தமிழில்.

அந்தக் கார்த்திகைக்குள் எடித்தின் பார்வையில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சின. பாலாம்பிகையின் விசா தையில் வந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. எடித் 1997வரை இருந்தார்.

பாலாம்பிகை கணேசலிங்கம் அறுபது ரீல் பதிவேடுகளை வாசித்தார், ஒன்பது அயலவர்களைக் கண்டுபிடித்தார், ஜெர்மனிக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார், எடித் பிரிங்க்மனை அவருடைய கண் இருக்கும்போதே ஏலன்பெக்குக்கு அனுப்பிவைத்தார்.